இடம் தந்தோம்; நேரம் தந்தோமா?

கல்லூரியின் கதவு எல்லார்க்கும் திறந்துவிட்டது என்று சொல்லுகிறார்கள். திறந்திருக்கிறது, மறுப்பார் இல்லை. ஆனால் அந்தக் கதவு எத்தனை மணிக்குத் திறக்கிறது, எத்தனை மணிக்குச் சாத்தப்படுகிறது, அந்த வேளையில் வந்து நிற்க யாரால் முடிகிறது, யாரால் முடியவில்லை என்று கேட்டுப் பாருங்கள்! கேட்டவனை ஏற இறங்கப் பார்ப்பார்கள். "இடம் கொடுத்தோமே, போதாதா? இனி நேரமும் உன் விருப்பப்படியா?" என்று கேலி பேசுவார்கள்.

ஆம், தோழர்களே, நேரமும் வேண்டும்! இடம் பாதி நீதி. நேரம் மீதி நீதி. பாதியைக் கொடுத்துவிட்டு முழுவதையும் கொடுத்ததாக முழங்குவது, பந்தியில் இலையைப் போட்டுவிட்டுச் சோறு பரிமாறியதாகக் கணக்கெழுதுவது போன்றது.

நம் கலை அறிவியல் கல்லூரிகள் பலவற்றில் வகுப்புகள் இரண்டு சுழற்சிகளாக நடக்கின்றன. காலையில் ஒரு கூட்டம் வருகிறது. நண்பகல் கழிந்ததும் அது வெளியேறுகிறது. அதே பெஞ்சுகளில் பிற்பகல் கூட்டம் வந்து அமர்கிறது. கட்டடம் ஒன்று, கரும்பலகை ஒன்று. கற்போர் தொகையோ இரு மடங்கு. இந்த ஏற்பாட்டை நான் பழிக்கவில்லை. தன் குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த எத்தனையோ பேருக்கு இந்த இரண்டாம் சுழற்சிதான் வழிவிட்டது. சுழற்சியின்மீது எனக்குப் பகையில்லை. யாருக்கு எந்தச் சுழற்சி என்று முடிவு செய்கிற முறை இருக்கிறதே, முறை என்று பெயர் சூட்டப்பட்ட அந்த முறைகேடு, அதன்மீதுதான் பகை!

தறிக்காரர் ஒருவரின் மகனை எண்ணிப் பாருங்கள். தந்தையின் கூலி வீட்டு வாடகைக்கே போதவில்லை. மகன் பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரை ஒரு துணிக்கடையில் நின்றால்தான் அடுப்பு எரியும். அவனுக்குக் காலை வகுப்பு கிடைத்தால் படிப்பான்; பிற்பகல் வகுப்பு கிடைத்தால் படிப்பை விடுவான், அல்லது பிழைப்பை விடுவான். பிழைப்பை விட முடியாதவன் எதை விடுவான் என்று சொல்லவும் வேண்டுமோ?

சிற்றூர்ப் பெண் ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். வகுப்பு மாலை 6 மணிக்கு முடிகிறது. ஊருக்குப் போகும் பேருந்து அதற்கு முன்பே கிளம்பிவிடுகிறது. அடுத்தது வரும்போது இருட்டிவிடும். இறங்கும் இடத்திலிருந்து வீட்டுக்கு இரண்டு கல் தொலைவு. ஒரு நாள் தந்தை வந்து அழைத்துப் போவார், ஒரு வாரம் அண்ணன் வருவான், மூன்றாம் வாரத்தில், "இந்தப் படிப்பு நமக்கு எதற்கம்மா?" என்ற கேள்வி வரும். தமிழ்நாட்டில் 2021 மே மாதத்தில் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் உயர்கல்வி கற்க மாதம் 1,000 ரூபாய் வழங்கும் 'புதுமைப் பெண்' திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. நல்ல திட்டங்கள், வரவேற்கிறோம். ஆனால் பேருந்தே இல்லாத நேரத்தில் வகுப்பு முடிந்தால், கட்டணம் இல்லாவிட்டால்தான் என்ன, இருந்தால்தான் என்ன?

கைக்குழந்தையோடு படிக்க வந்த இளந்தாய் இருக்கிறாள். கால் நடையாற்றல் குறைந்து, நெரிசல் மிகுந்த பேருந்தில் ஏற இயலாத இளைஞன் இருக்கிறான். இவர்கள் எவரும் மதிப்பெண்ணை இனாமாகக் கேட்கவில்லை. வினாத்தாளை எளிதாக்கச் சொல்லவில்லை. "நான் வரக்கூடிய வேளையில் பாடம் சொல்லுங்கள்" என்கிறார்கள். இது சலுகையா? அரிசியை அடுப்பில் ஏற்று என்று கேட்பது ஆடம்பரம் என்றால் இதுவும் ஆடம்பரந்தான்.

நேரம் தவறினால் என்ன ஆகும் என்பதையும் பாருங்கள். நம் பல்கலைக் கழகங்களில் 75 விழுக்காடு வருகை இருந்தால்தான் தேர்வெழுத விடுவார்கள். அதற்குச் சற்றுக் குறைந்தவர்கள் தண்டம் கட்ட வேண்டும். மிகவும் குறைந்தவர்கள் அடுத்த பருவத்துக்குக் காத்திருக்க வேண்டும். பொருந்தாத நேரம் வருகையைத் தின்கிறது. குறைந்த வருகை பணத்தைத் தின்கிறது. பிறகு தேர்வையே தின்கிறது. முடிவில் பட்டியலில், "இடைநின்றவர்" என்று ஒரு சொல்! அவன் நின்றானா, நிறுத்தப்பட்டானா என்று அந்தப் பட்டியல் சொல்லுவதில்லை.

"என்ன செய்வது? அவனவன் தலையெழுத்து!" என்கிறார் ஒரு பெரியவர். ஐயா பெரியவரே, கால அட்டவணை தலையெழுத்தா? அது தட்டச்செழுத்து! பிரமன் எழுதியதன்று, அலுவலக அறையில், மின்விசிறியின் கீழ், தேநீர் அருந்திக்கொண்டு மனிதர் எழுதியது. பள்ளி ஆசிரியனாகிய எனக்கு அந்த வேலையின் சூட்சுமம் தெரியும். எங்கள் பள்ளியிலும் ஆண்டுதோறும் கட்டங்கள் வரைகிறோம். மூத்தவர் கேட்கும் பாடவேளை முதலில் நிரம்பும். இளையவருக்கு மிஞ்சியது வரும். மாணவனைக் கேட்பார் இல்லை. மனிதர் எழுதியதை மனிதர் மாற்றலாம். கடவுள் பெயரால் எழுதப்பட்டவற்றையே மாற்றிக் காட்டிய நாட்டில், கணக்காளர் எழுதிய கட்டத்தை மாற்ற முடியாதா?

இன்னொருவர் பஞ்சாங்கத்தோடு வருகிறார். விண்ணப்பத்தை நல்ல நேரம் பார்த்துக் கொடுத்தால் நினைத்த வகுப்பு கிடைக்குமாம்! வெள்ளிக்கிழமை 10.30 முதல் 12 வரை இராகு காலம் என்று பயந்து, கல்லூரி வாசலில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும் பெற்றோர் இன்றும் இருக்கிறார்கள். தாயே, தந்தையே! உங்கள் பிள்ளையின் படிப்பைக் கெடுக்கப் போவது இராகுவும் அன்று, கேதுவும் அன்று. பிள்ளை வேலைக்குப் போகும் வேளையில் போடப்பட்ட பாடவேளை! பஞ்சாங்கம் ஊருக்கெல்லாம் ஒரே நல்ல நேரம் சொல்லுகிறது. கடையில் நிற்பவனுக்கு ஒரு நேரம், காட்டுவழி நடப்பவளுக்கு ஒரு நேரம், குழந்தையைத் தூங்க வைப்பவளுக்கு ஒரு நேரம் என்பதை அது அறியாது. அறியாத பஞ்சாங்கத்தை மன்னிக்கலாம். அறிந்தும் கேளாத கல்லூரியை மன்னிக்க இயலுமா?

"எந்த நேரத்தில் படித்தால் என்ன? படிப்பவன் எப்போதும் படிப்பான்" என்று வீரம் பேசுவோரும் உண்டு. அவர்களுக்கு ஆராய்ச்சியே விடை சொல்லட்டும். அமெரிக்க விமானப்படைக் கல்விக் கழகத்தில் முதலாண்டு மாணவர் தம் வகுப்பு நேரத்தைத் தாமே தேர்ந்துகொள்வதில்லை. குலுக்கிப் போட்டாற்போல் ஒதுக்கப்படுகிறது. ஆகவே, நல்ல மாணவன் நல்ல நேரத்தைப் பிடித்துக்கொண்டான் என்று சாக்குச் சொல்ல அங்கே வழியில்லை. அந்தக் கணக்கை ஆராய்ந்து 2011இல் வெளியிட்டார்கள். அதிகாலையில் முதல் பாடவேளை ஒதுக்கப்பட்டவர்கள் அந்த ஒரு பாடத்தில் மட்டுமன்று, அன்றைய மற்றப் பாடங்களிலும் பின்தங்கினார்கள். அறிவு அதே அறிவு. ஆசிரியர் அதே ஆசிரியர். மாறியது மணி ஒன்றே!

தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாகத் திகழும் சிங்கப்பூரிலும் இதே கதைதான். அந்நாட்டுத் தேசியப் பல்கலைக் கழகத்து மாணவர் ஆயிரக்கணக்கானோரின் வருகையையும் உறக்கத்தையும் மதிப்பெண்ணையும் ஆராய்ந்து 2023இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. காலை 8 மணி வகுப்புக்கு வருகை குறைவு. காலை வகுப்புள்ள நாளில் உறக்கம் குறைவு. வாரத்தில் அத்தகைய நாள்கள் கூடக்கூட மதிப்பெண்ணும் குறைவு என்று அது கண்டது. எனவே, காலைதான் எல்லார்க்கும் உகந்தது என்று நான் வாதாடவில்லை. துணிக்கடைத் தோழனுக்குக் காலை வேண்டும். இரவுக் காவல் பார்த்துவிட்டு வரும் தோழனுக்குக் காலை கூடாது. எல்லார்க்கும் பொதுவான நல்ல நேரம் என்று ஒன்று இல்லை என்பதே என் வாதத்தின் ஆணிவேர். இல்லாதபோது, அவரவரைக் கேட்டறிவதைத் தவிர வேறு நேர்வழி ஏது?

பாடவேளை என்பது வெறும் நிர்வாக விவகாரம் என்று நினைக்கும் இளைஞர்களுக்கு, இந்த மண்ணின் வரலாற்றில் ஓர் ஏட்டைப் புரட்டிக் காட்டுகிறேன். 1953ஆம் ஆண்டு. சென்னை மாநிலத்தில் இராசகோபாலாச்சாரியார் முதலமைச்சர். சிற்றூர்த் தொடக்கப் பள்ளிகளில் ஐந்து மணி நேரப் படிப்பு மூன்று மணி நேரமாகச் சுருங்கியது. பிள்ளைகள் இரு பிரிவாயினர். ஒரு பிரிவுக்கு ஒரு வேளை, மறு பிரிவுக்கு மறு வேளை. மீதி நேரத்தில் என்ன செய்வது? தகப்பன் செய்யும் தொழிலைக் கற்பது! கட்டடம் போதவில்லை, ஆசிரியர் போதவில்லை, செலவைச் சுருக்கலாம், சேர்க்கையைப் பெருக்கலாம் என்று அழகழகான காரணங்கள் அடுக்கப்பட்டன. நாடு என்ன கண்டது? குலக்கல்வியைக் கண்டது, கொதித்தெழுந்தது. 1954இல் அவர் பதவி விலகினார், காமராசர் முதல்வரானார், அதே ஆண்டில் அத்திட்டம் கைவிடப்பட்டது.

இன்றைய சுழற்சி முறையும் குலக்கல்வியும் ஒன்று என்று நான் சொல்லவில்லை; சொன்னால் அது நேர்மையாகாது. அது கதவைச் சுருக்கியது. இது கதவை அகட்டியது. ஆயினும் அந்த வரலாறு ஒரு பாடத்தை விட்டுச் சென்றிருக்கிறது. பள்ளி வாசலில், "உனக்கு இடமில்லை" என்று பலகை தொங்கவிடாமலே, மணிக்கணக்கை மாற்றி ஒருவனை வெளியே நிறுத்த முடியும். பலகை தொங்கினால் பத்துப் பேர் பார்ப்பார்கள், பறித்தெறிவார்கள். அட்டவணை தொங்கினால் யார் பார்ப்பார்கள்? பார்த்தவர்களும், "ஏதோ நேரக் குறிப்பு" என்று போய்விடுவார்கள். ஆகவேதான் பார்க்கச் சொல்லுகிறேன்.

இனி, நேரத்தைப் பங்கிட எந்தெந்த முறைகளைப் போற்றுகிறார்கள் என்று பார்ப்போம்.

"முந்தியவர்க்கே முதலிடம்" என்கிறது ஒரு முறை. கேட்கக் காதுக்கு இனிமையாக இருக்கிறது. சாதி கேட்கவில்லை, பணம் கேட்கவில்லை, சிபாரிசு கேட்கவில்லை. வரிசையில் யார் முன்னே நிற்கிறார்களோ அவர்களுக்கு! ஆனால் முன்னே நிற்க யாரால் முடியும்? கல்லூரிக்குப் பக்கத்துத் தெருக்காரனால் முடியும். முதல் பேருந்தே 7 மணிக்கு வரும் ஊர்க்காரனால் முடியுமா? இப்போது வரிசை கணினிக்குள் போய்விட்டது. நீதியும் கூடவே போய்விட்டதா? தென் கொரியாவைப் பாருங்கள். இணையத்தின் வேகத்துக்குப் பெயர் பெற்ற நாடு. அங்கே பாடவேளைப் பதிவு நாளன்று மாணவர்கள் தம் வீட்டுக் கணினியை நம்பாமல், இன்னும் வேகமான இணைப்பு வேண்டி, 'பிசி பாங்' எனப்படும் கணினிக் கூடங்களுக்குப் படையெடுக்கிறார்கள். நொடி முள்ளைப் பார்த்துக்கொண்டே விரலை ஓங்கி வைத்திருக்கிறார்கள். மணி அடித்ததும் தட்டுகிறார்கள். விரும்பத்தக்க வகுப்புகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தீர்ந்துவிடுகின்றன. வேகம் மிகுந்த நாட்டிலேயே இந்தப் பாடு என்றால், அப்பனின் கைப்பேசியை இரவல் வாங்கி, மொட்டை மாடியில் ஏறி அலைவரிசை தேடும் நம் சிற்றூர் மாணவனின் கதி என்ன? முந்துவது தகுதியன்று; முந்த வசதி இருப்பது பிறவிப் பேறு. பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என்று முழங்கும் நாம், இணைப்பின் வேகத்தால் உயர்வு தாழ்வு உண்டு என்று ஏற்பதோ?

"மதிப்பெண் மிகுந்தவர் முதலில் தேர்ந்தெடுக்கட்டும்" என்கிறது இன்னொரு முறை. இதற்குத் 'தகுதி' என்று பட்டுக் குஞ்சம் கட்டியிருக்கிறார்கள். தரவரிசையில் முன்னிற்பவன் தனக்குப் பிடித்த வேளையை எடுத்துக்கொள்கிறான். பின்னிற்பவன் மிஞ்சியதை வாங்கிக்கொள்கிறான். கேட்கிறேன்: பாடத்தைத் தேர்ந்தெடுக்க மதிப்பெண் அளவுகோல் என்றால், வாதத்துக்காக ஒப்புக்கொள்ளலாம். வேளையைத் தேர்ந்தெடுக்க மதிப்பெண் எப்படி அளவுகோலாகும்? கணக்கில் 95 வாங்கியவன் வீட்டுக்குப் பேருந்து மாலை 7 மணிக்கும் உண்டு. 65 வாங்கியவள் ஊருக்கு 5 மணியோடு பேருந்து நின்றுவிடுகிறது. 95 வாங்கியவனுக்குக் காலை வேளையைக் கொடுத்து என்ன பரிசளித்தோம்? உச்சி உறக்கம்! 65 வாங்கியவளுக்கு மாலை வேளையைக் கொடுத்து என்ன தண்டித்தோம்? படிப்பே போயிற்று! ஒருவனுக்கு வசதி, ஒருத்திக்கு வாழ்வு. இரண்டையும் ஒரே தராசில் வைப்பவன் தராசு பிடிக்கத் தெரியாதவன்.

"கொடுப்பவர்க்குக் கிடைக்கட்டும்" என்கிறது மூன்றாம் முறை. இதை வாய்விட்டுச் சொல்லுவதில்லை, செய்கிறார்கள். அரசு உதவி பெறும் கல்லூரிகள் பலவற்றில் ஒரு சுழற்சி அரசு உதவியோடு நடக்கிறது. மறு சுழற்சி சுயநிதியில் நடக்கிறது. பட்டத்தின் பெயர் ஒன்று, பாடநூல் ஒன்று, தேர்வு ஒன்று, தேர்வு நடத்தும் பல்கலைக் கழகமும் ஒன்று. ஆனால் கடிகார முள் ஒரு கோட்டைத் தாண்டியதும் கட்டணம் தாவிக் குதிக்கிறது! உன் வாழ்க்கைக்குப் பொருந்தும் வேளை சுயநிதிப் பக்கம் விழுந்தால், நீ நேரத்தை விலைக்கு வாங்க வேண்டும். காற்றை விற்கவில்லை, வெயிலை விற்கவில்லை; காலத்தை விற்கிறார்கள்.

பணத்தின் பெருமை பேசும் அமெரிக்காவிலேயே, வணிகம் கற்பிக்கும் பள்ளியிலேயே, இதற்கு மாற்றுக் கண்டிருக்கிறார்கள் என்பது வேடிக்கை! பென்சில்வேனியாப் பல்கலைக் கழகத்தின் வார்ட்டன் பள்ளியில் முன்பு பாடங்களுக்கு ஏலம் நடந்தது. உண்மைப் பணத்தால் அன்று. பள்ளி கொடுத்த புள்ளிகளால். அதிலும் சூதும் வாதும் மிகுந்தன. எரிக் புடிஷ் என்னும் பொருளியல் அறிஞர் 2011இல் ஒரு முறையை வகுத்து வெளியிட்டார். மாணவர் எல்லார்க்கும் ஏறக்குறையச் சமமான பொய்ப் பணம். ஒவ்வொருவரும் தமக்கு எது எவ்வளவு வேண்டும் என்று உண்மையாகச் சொன்னால் போதும். பங்கீட்டைக் கணினி பார்த்துக்கொள்ளும். 2013இல் வார்ட்டன் ஏலத்தைக் கைவிட்டு அதை ஏற்றது. ஹார்வர்டு வணிகப் பள்ளியில் வேறொரு வழியைக் கையாண்டார்கள். சீட்டுக் குலுக்கி வரிசை போடுவார்கள். முதற் சுற்றில் முன்னே நின்றவன் அடுத்த சுற்றில் கடைசி. கடைசியில் நின்றவன் முதல். ஒருவனே எப்போதும் முந்தக்கூடாது என்னும் எளிய நீதி! முதலாளியின் பிள்ளைகள் தமக்குள் பங்கிடும்போது சமத்துவத்தைத் தேடுகிறார்கள். தொழிலாளியின் பிள்ளைகளுக்குப் பங்கிடும்போது மட்டும் சமத்துவம் ஏன் மறந்துபோகிறது?

சமமாகப் பங்கிடுவதோடும் நீதி முடிந்துவிடுவதில்லை. தேவையுடையவனை முன்னே நிறுத்துவது அதற்கும் மேலான நீதி. கலிபோர்னியா மாநிலம் 2022இல் ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி, அம்மாநிலத்துப் பொதுக் கல்லூரிகளிலும் மாநிலப் பல்கலைக் கழகத்திலும், குழந்தை வளர்த்துக்கொண்டே படிப்பவர்களுக்கு வகுப்புப் பதிவில் முன்னுரிமை தர வேண்டும். பெற்றோரிடம் வளர இயலாமல் அரசின் பொறுப்பில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அதற்கு முன்பே, 2011இல், இத்தகைய முன்னுரிமைக்குச் சட்டம் வந்துவிட்டது. அங்கே எவரும், "நேரமுமா உன் விருப்பப்படி?" என்று இளந்தாயை எள்ளி நகையாடிவிட்டுச் சட்டத்தைக் கிழித்தெறியவில்லை. தொட்டிலுக்கும் வகுப்புக்கும் நடுவே ஓடுகிறவளுக்கு ஒரு மணி நேரம் என்பது என்ன என்று சட்டமன்றம் உணர்ந்தது, எழுதியது.

இன்னும் பின்னே போவோம். 1823இல் இலண்டனில் தொழிலாளர்க்கென்று ஒரு கல்விக்கூடம் தோன்றியது. ஜார்ஜ் பிர்க்பெக் என்னும் மருத்துவரும் அவர் தோழர்களும் தொடங்கியது. பகலெல்லாம் பட்டறையில் நிற்பவன் எப்போது படிப்பான்? மாலையில்தான். ஆகவே பாடமும் மாலையில்! பட்டறை மணியை மாற்ற முடியாதபோது பாட மணியை மாற்றினார்கள். அன்று எதிர்ப்பும் எழுந்தது. உழைப்பவன் படித்தால் உலகம் கெட்டுவிடும் என்று அஞ்சினார்கள். உலகம் கெடவில்லை. அந்தக் கூடம் 1920இல் இலண்டன் பல்கலைக் கழகத்தின் அங்கமாயிற்று. மாலை வகுப்பே அதன் பெருமையாகவும் ஆயிற்று. இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு மருத்துவருக்குத் தோன்றியது, கணினி கையிலுள்ள நம் கல்வியாளர்க்குத் தோன்றவில்லை என்றால் குறை கணினியிலா, கருத்திலா?

"நல்லதுதான், ஆனால் நடைமுறைக்கு ஒவ்வாதே! ஆயிரம் பேர் ஆயிரம் நேரம் கேட்டால் அட்டவணை போடுவது எப்படி?" என்று தலையைச் சொறிகிறார் நிர்வாகி. உண்மை, எளிய வேலையன்று. அட்டவணை வகுப்பது கணிதத்திலேயே கடினமான சிக்கல்களுள் ஒன்று என்று 1976இல் அறிஞர்கள் நிறுவியிருக்கிறார்கள். ஆனால் கடினம் என்பது ஒன்று. அநீதி என்பது வேறொன்று. எல்லார்க்கும் கேட்டதெல்லாம் கிடைக்காது என்பது கணக்கு. யாருக்குக் கிடைக்கக் கூடாது என்று முடிவு செய்வது அரசியல். முன்னதைக் காட்டிப் பின்னதை மறைக்காதீர்கள்! மாணவர் விருப்பத்தையும் கல்லூரி இடத்தையும் பொருத்தும் முறையை கேலும் ஷேப்லியும் 1962இலேயே ஒரு கட்டுரையில் காட்டிவிட்டார்கள். அந்த வழியில் ஆய்ந்த ஷேப்லிக்கும் ராத்துக்கும் 2012இல் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது. வழி இருக்கிறது, நடக்கும் மனம் இல்லை.

"பொய் சொல்லுவார்களே! வேலை இல்லாதவனும் வேலை உண்டு என்பானே!" என்று இன்னோர் அச்சம். சிலர் சொல்லக்கூடும். அதற்காக உண்மை சொல்லுகிறவனின் வாயை அடைப்பதா? வேலை கொடுப்பவரின் கடிதம், பேருந்து நேரப் பட்டியல், மருத்துவர் சான்று, குழந்தையின் பிறப்புச் சான்று என்று சரிபார்க்க எத்தனையோ உண்டு. சாதிச் சான்றுக்கும் வருமானச் சான்றுக்கும் ஏழை மகனை ஏழு அலுவலகம் ஏறி இறங்க வைக்கத் தெரிந்தவர்களுக்கு, இதைச் சரிபார்க்க மட்டும் கை நடுங்குவானேன்?

ஆகவே, நாம் கேட்பன இவை. முதலாவது: சேர்க்கைப் படிவத்திலேயே, எந்த வேளை ஏற்கும், ஏன் என்ற கேள்வி இடம்பெற வேண்டும். இரண்டாவது: விருப்பம் தெரிவிக்கப் பல நாள் தவணை தர வேண்டும், முதல் நாள் முதல் நொடியில் தந்தவருக்கும் கடைசி நாள் மாலையில் தந்தவருக்கும் வேற்றுமை கூடாது. மூன்றாவது: உழைத்துப் படிப்பவர், தொலைவிலிருந்து வருபவர், குழந்தையோ நோயாளியோ கையில் உள்ளவர், மாற்றுத்திறனாளர் ஆகியோர்க்கு முன்னுரிமை, மற்றவர்க்குள் குலுக்கல், முதற்பருவத்தில் பின்தங்கியவர் அடுத்த பருவத்தில் முன்னே வர வேண்டும். நான்காவது: இருவர் தமக்குள் வேளையை மாற்றிக்கொள்ள விரும்பினால், தெரிந்தவர் தயவை நாடாமல், அறிவிப்புப் பலகையிலேயே அது வெளிப்படையாக நடக்க வேண்டும். ஐந்தாவது: விதி எழுத்தில் இருக்க வேண்டும், அதை வகுக்கும் அவையில் மாணவரும் இருக்க வேண்டும். ஆறாவது: நேரம் மாறியதற்காகக் கட்டணம் மாறக்கூடாது.

இதில் எது வானத்து நிலவு? எதற்குக் கோடி கோடியாகப் பணம் வேண்டும்? முதல் ஐந்துக்கும் ஒரு படிவம், ஒரு விதி, ஒரு மனம் போதும். ஆறாவதற்கு மட்டும் அரசு கையை நீட்ட வேண்டும்; நீட்டட்டும்.

இளைஞர்களே! தமிழ்நாட்டின் 69 விழுக்காடு இடஒதுக்கீடு சும்மா வந்ததன்று. அதைக் காக்க 1993இல் சட்டமன்றம் தனிச் சட்டம் இயற்றியது; 1994இல் அது அரசமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் ஏறியது. அந்த அட்டவணையில் ஏற்றி இடத்தைக் காத்தோம். கல்லூரிச் சுவரில் தொங்கும் இந்த அட்டவணையில் அந்த இடம் களவு போவதைக் காணாமல் இருக்கலாமா? பட்டியலில் பெயர் ஏறியவன் பெஞ்சில் அமரவில்லை என்றால், அந்த இடம் அவனுக்குக் கிடைத்ததா, காகிதத்துக்குக் கிடைத்ததா?

என்ன செய்யலாம் என்று கேட்கிறீர்கள். உங்கள் கல்லூரியில் சுழற்சி ஒதுக்கும் விதி என்ன என்று எழுதிக் கேளுங்கள். அரசுக் கல்லூரியாயின் 2005ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டம் உங்கள் கையில் இருக்கிறது; 10 ரூபாய்க் கட்டணம், 30 நாளில் விடை. "விதி எதுவும் இல்லை" என்று விடை வந்தால், அதுவே பெரிய விடை. அதை அச்சிட்டு வாசலில் ஒட்டுங்கள். கடந்த ஆண்டு படிப்பை விட்டவர்களின் வீடுகளுக்குச் செல்லுங்கள். ஏன் விட்டாய் என்று கேளுங்கள். "பிடிக்கவில்லை" என்பவர் எத்தனை பேர், "வேளை ஒத்துவரவில்லை" என்பவர் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். எண்ணியதை எடுத்துக்கொண்டு முதல்வர் அறைக்குப் போங்கள். கூச்சல் வேண்டா, கணக்குப் போதும்.

கடிகாரத்துக்குச் சாதி தெரியாது, வர்க்கம் தெரியாது, உண்மைதான். ஆனால் எத்தனை மணிக்கு மணியடிப்பது என்று முடிவு செய்பவருக்கு எல்லாம் தெரியும். அவரிடம் போய், "எங்களையும் கேட்டுவிட்டு அடியுங்கள்" என்று சொல்லும் நேரம் வந்துவிட்டது. அதற்கு இராகு காலம் இல்லை, எமகண்டம் இல்லை. இந்தக் கல்வியாண்டின் சேர்க்கை முடிவதற்குள் சொல்லுங்கள்!